டாக்டர் ஹோமி பாபா விட்டுச் சென்ற செல்வம்

1966-ம் வருஷம் ஜனவரி மாதம் பாரத தேசத்திற்குப் பெருந்துக்கம் விளைத்த மாதமாகும். 11-ந் தேதியன்று டாஷ்கெண்ட் நகரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி காலமானார். அத்துக்கம் ஆறுமுன்னரே, 24-ந் தேதி காலையில், பம்பாயிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற காஞ்சன்ஜங்கா என்னும் ஏர் இந்தியா விமானம், ஆல்ப்ஸ் மலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய மான்ட் பிளாங்கில் மோதிச் சிதறிற்று. பிரயாணிகள் 106 பேர், சிப்பந்திகள் 11 பேர், ஆக 117 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர், இந்திய அணுசக்திக் கமிஷனின் தலைவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அப்போது அவருக்கு வயது 56. ஸ்ரீமதி இந்திரா காந்தி பிரதம மந்திரியாகப் பதவிப் பிரமாணம் செய்துகொண்ட தினமும் அதுவே. ஒரு கண்ணில் மகிழ்ச்சியும் மறு கண்ணில் கண்ணீருமாக அன்று தேசம் நின்றது.

பெருமகன் ஒருவர் மறைந்தால் அநுதாபக் கூட்டம் போடுகிறோம், படம் திறக்கிறோம், வீதிக்குப் பெயர் வைக்கிறோம். இவையெல்லாம் நன்றியின் அடையாளங்களே. ஆயினும், அவருடைய பெருமையை அளக்கும் கோல் வேறொன்று உண்டு. அவருடன் அவர் தொடங்கிய வேலையும் மாண்டதா, அல்லது மறுநாள் காலையில் அது வழக்கம் போல் நடந்ததா என்பதே அந்தக் கோல். டாக்டர் பாபாவின் வாழ்க்கையை இந்த ஒரு கேள்வியுடன் படித்தல் நலம்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

ஹோமி பாபா 1909-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வி இலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்தவர். தந்தையார் ஜஹாங்கீர் பாபா சட்டம் பயின்றவர். அத்தை மெஹர்பாய், ஸர் டோராப்ஜி டாட்டாவின் மனைவியார். வீட்டில் நல்ல புத்தகங்களும் சித்திரங்களும் மேனாட்டுச் சங்கீத இசைத்தட்டுக்களும் நிறைந்திருந்தன. பிள்ளை வறுமையென்பதை அறியாமல் வளர்ந்தான். ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் அவனை ஓர் எஞ்சினீயராக அமர்த்த வேண்டுமென்பது குடும்பத்தாரின் எண்ணம். அதற்காகவே 1927-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு அனுப்பினார்கள்.

அங்கே சென்ற இளைஞரின் உள்ளமோ இயந்திரங்களில் ஒட்டவில்லை. பெளதிக சாஸ்திரமே தமது வழியென்று அவர் தந்தைக்கு எழுதினார். தந்தை கோபிக்கவுமில்லை, உடனே இணங்கவுமில்லை. எஞ்சினீயரிங் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினால், அதன்பின் கணிதம் படிக்கப் பொருள் தருவதாக வாக்களித்தார். மகன் 1930-ல் அந்த நிபந்தனையை நிறைவேற்றினார். 1932-ல் கணிதப் பரீட்சையிலும் முதல் வகுப்பு அடைந்தார். விருப்பமில்லாத வேலையையும் செவ்வனே முடித்துவிட்டே விரும்பிய வேலைக்குச் செல்வது என்ற இந்தக் கட்டுப்பாடு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் அணு உலைகளைக் கட்ட நேர்ந்தபோது, வேண்டாவெறுப்பாகக் கற்ற எஞ்சினீயரிங்கே அவருக்குக் கைகொடுத்தது.

அணுவினுள்ளே

அவர் கேம்பிரிட்ஜில் பயின்ற காலம் பெளதிக சாஸ்திரத்திற்குப் பொற்காலம். 1932-ம் வருஷத்தில் அங்கேயுள்ள காவெண்டிஷ் ஆராய்ச்சிசாலையில் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். காக்கிராப்டும் வால்ட்டனும் லிதிய அணுவைப் பிளந்தனர். அந்தச் சூழ்நிலையில் இளைஞர் பாபா எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதிச் சிதறும் விதத்தைக் கணித்துக் காட்டினார். அந்நிகழ்ச்சிக்கு இன்றும் உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது.

1937-ல் அவரும் ஹைட்லரும் சேர்ந்து, வானவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கிரணங்கள் பூமியை நெருங்கும்போது ஏன் மழைபோல் பெருகுகின்றன என்பதை விளக்கினர். வேகமிக்க எலெக்ட்ரான் ஒன்று காற்றுமண்டலத்தில் புகுந்தால் ஒளித்துகள் ஒன்றை வெளிவிடுகிறது. அவ்வொளித்துகள் ஓர் எலெக்ட்ரானாகவும் ஒரு பாஸிட்ரானாகவும் பிரிகிறது. அவ்விரண்டும் மறுபடி ஒளித்துகள்களை வெளிவிடுகின்றன. இவ்வாறு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, தரைக்கு வருமுன் பெருந்தாரையாகின்றது. காஸ்மிக் கிரணங்களில் காணப்பட்ட புதுத் துகளுக்கு மெஸான் என்ற பெயர் பொருத்தமென்று 1939-ல் எடுத்துக் கூறியவரும் அவரே. முப்பது வயது நிறையுமுன் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அவரைத் தமக்குச் சமமானவராக ஏற்றுக்கொண்டனர்.

யுத்தம் திருப்பிய பாதை

1939-ல் விடுமுறைக்காகத் தாயகம் வந்தார். வந்த இடத்தில் ஐரோப்பிய யுத்தம் மூண்டது; திரும்பிப் போகும் வழி அடைபட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே பெளதிகப் பகுதியின் தலைவராக விளங்கியவர் ஸர் சி. வி. ராமன். கலையும் விஞ்ஞானமும் ஒருங்கே கைவந்த லியனார்டோ டாவின்சிக்கு அவர் பாபாவை ஒப்பிட்டது பிரசித்தம். 1941-ல் லண்டன் ராயல் சங்கம் பாபாவைத் தனது அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

யுத்தம் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட வேண்டுமென்பதே முதலில் அவர் எண்ணம். பெங்களூரில் கழித்த ஐந்தாண்டுகள் அதை மாற்றின. நம் இளைஞரிடம் அறிவுக்குக் குறைவில்லை, அறிவை வளர்க்கும் இடங்களே குறைவு என்பதை அவர் கண்ணாரக் கண்டார். பிற தேசத்தார் அமைத்து வைத்த ஆராய்ச்சிசாலையில் இடம் பெற்றுப் புகழ் அடைவதினும், அதற்கொப்பானதைத் தாய்நாட்டில் அமைப்பதே தமது கடமையென்று உணர்ந்தார். அவர் சிறை சென்றவரல்லர், தடியடி பட்டவருமல்லர். ஆயினும், தம் சுகத்தையும் புகழையும் தேசத்தின் தேவைக்குப் பின்னே வைப்பதுதான் தேசபக்தியென்றால், அந்தத் தீர்மானத்தைத் தேசபக்தியென்றே சொல்லவேண்டும்.

முன்கூட்டிய கடிதம்

1944-ம் வருஷம் மார்ச் 12-ந் தேதி, ஸர் டோராப்ஜி டாட்டா தர்ம ஸ்தாபனத்தின் தலைவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பெளதிக சாஸ்திரத்தின் அடிப்படை ஆராய்ச்சிக்கென்று ஒரு தனி நிலையம் வேண்டுமென்பது அதன் சாரம். இன்னும் இருபதாண்டளவில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி அன்னிய நாடுகளுக்கு ஓடவேண்டியிராமல் தன் வீட்டிலேயே அவர்களைக் காணவேண்டும் என்பது அவர் கூறிய காரணம். ஹிரோஷிமா நகரம் அழிவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக எழுதப்பட்டது அக்கடிதம். அணுவில் அத்தகைய சக்தி உறைகிறதென்பதையே உலகத்துப் பொதுமக்கள் அறியாத காலம் அது. நாமோ அன்று அடிமை நாட்டினர். சுயராஜ்யம் வருமா வராதா என்று பலர் ஐயுற்றிருந்தபோது, சுயராஜ்யம் வந்தபின் வேண்டியவற்றை அவர் எண்ணிக் கொண்டிருந்தார்.

டாட்டா ஸ்தாபனமும் பம்பாய் சர்க்காரும் பொருள் உதவ, 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தொடங்கி, அவ்வருஷ இறுதியில் பம்பாய்க்கு மாறியது. பெட்டர் ரோட்டில் அவருடைய அத்தையாருக்குச் சொந்தமான வீட்டிலேதான் அது முதலில் இயங்கிற்று. பின்னர் கொலாபாவில் கடலோரத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்து, 1962-ல் திறக்கப்பெற்றது.

நிலையத்தை அமைப்பதில் அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. முதலில் நாற்காலியைச் செய்துவிட்டுப் பிறகு அதில் உட்கார ஆள் தேடுவது சர்க்கார் இலாகாக்களின் வழக்கம். பாபாவோ முதலில் ஆளைக் கண்டுபிடிப்பார். பின்னர் அவரைச் சுற்றி வேலையை அமைப்பார். சென்னையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன் அவரிடம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர். பின்னாளில், 1962-ல், சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தை நிறுவியவர். அன்னிய நாட்டிலிருந்த கோவிந்த் ஸ்வரூப்பை அழைத்து வந்து வானொலித் தொலைநோக்கி அமைக்கும் பொறுப்பைப் பாபா அளித்தார். 1970-ல் உதகமண்டலத்து மலைச்சரிவில் அத்தொலைநோக்கி எழுந்து நின்றது. அதைக் காணப் பாபா உயிருடன் இல்லை. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே அவருடைய நிலையத்தார் காஸ்மிக் கிரணங்களை ஆராய்ந்தனர். 1965-ல் காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதலில் கண்டவர்களுள் அவர்களும் இருந்தனர்.

அணுசக்திக் கமிஷன்

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948 ஆகஸ்டு 10-ந் தேதி, அணுசக்திக் கமிஷன் அமைந்தது. பாபா தலைவர், சாந்தி ஸ்வரூப் பட்னாகரும், ராமநாதபுரம் ஜில்லா வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அங்கத்தினர்கள். 1954-ல் அணுசக்தி இலாகா ஏற்பட்டது. அது பிரதம மந்திரியின் நேர்ப்பார்வையில் இருந்தது. பண்டித நேருவுக்கும் பாபாவுக்கும் இருந்த நட்பினால் கோப்புகள் ஒரு மேஜையில் தேங்கி மறு மேஜையில் உறங்குவது குறைந்தது.

பம்பாயை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4-ந் தேதி அப்ஸரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கிற்று. சோவியத் நாடு நீங்கலாக, ஆசியாவிலேயே முதல் உலை அதுதான். எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது, கட்டியவர்கள் நம்மவர். 1960-ல் கனடாவின் உதவியுடன் 40 மெகாவாட் ஆராய்ச்சி உலை இயங்கிற்று. எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் சாலையை நம் நிபுணர்களே வகுத்து 1964-ல் இயக்கினர்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அவர் வகுத்த திட்டம் ஒன்று உண்டு. நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. தோரியத்தை நேரே எரிக்க இயலாது. ஆகவே, முதற்படியில் இயற்கை யுரேனியத்தை உலையிலிட்டு மின்சாரமும் புளூட்டோனியமும் பெறவேண்டும். இரண்டாம் படியில் அப்புளூட்டோனியத்தை வேக ஈனுலைகளில் பயன்படுத்தி, எரிந்ததினும் அதிகமான எரிபொருளை ஈட்டவேண்டும். தோரியத்தை யுரேனியம்-233 ஆக மாற்றவும் வேண்டும். மூன்றாம் படியில் அந்த யுரேனியமும் தோரியமுமே நம்மை வாழ்விக்கும். வித்துநெல்லைக் குத்தித் தின்னாமல் விதைத்துப் பெருக்கும் குடியானவனின் கணக்கு இது.

அத்தோரியம் எங்கே இருக்கிறது? நம் காலடியில். கேரளத்துக் கடற்கரையிலும், கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சியிலும் கிடக்கும் கறுப்பு மணலில் கலந்துள்ள மோனஸைட்டில் அது இருக்கிறது. பாபா பிறந்த அதே 1909-ல்தான் ஜெர்மானியர் ஒருவர் அம்மணலின் மதிப்பைக் கண்டறிந்தார். காஸ் விளக்கின் வலைத்திரிக்காக அந்தப் பொருள் கப்பல் கப்பலாக அன்னிய நாடுகளுக்குச் சென்றது. மண்ணுக்குரியவன் கூலியாக மணல் வாரினான், அன்னியன் விளக்கேற்றிக்கொண்டான். சுதந்திர சர்க்கார் 1950-ல் இந்திய அருமண் கம்பெனியை நிறுவி அந்த முறைக்கு முடிவு கட்டிற்று.

1955-ல் ஜினீவாவில் கூடிய ஐக்கிய நாடுகளின் அணுசக்தி மகாநாட்டிற்குப் பாபாவே அக்கிராசனர். எட்டாண்டுகளுக்கு முன் விடுதலை பெற்ற நாட்டின் மகன், அணு விஞ்ஞானத்தில் தலைசிறந்த வல்லரசுகளின் நிபுணர் கூட்டத்தை நடத்தினார். 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கென்று விக்ரம் ஸாராபாய் தலைமையில் குழுவொன்று ஏற்படவும் அவரே துணைநின்றார். அதன் பயனாக 1963 நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது.

மறுபக்கம்

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் பத்திரிகை தர்மமாகாது. ஆராய்ச்சியைத் தனி நிலையங்களில் குவித்தால் சர்வகலாசாலைகள் வறண்டுபோகும் என்று மேகநாத் ஸாஹா ஆட்சேபித்தார். அவருடைய அச்சம் பொய்யாகவில்லை. அணுசக்தி மசோதாவின் இரகசிய விதிகளைப் பற்றி 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தது. ஜனநாயகத்தில் ஜனங்களுக்குத் தெரியாத வேலை எவ்வளவு இருக்கலாம் என்னும் அக்கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. சூரியனில் நிகழ்வது போன்ற அணுச்சேர்க்கையின் சக்தி இருபதாண்டுகளில் மனிதனுக்கு வசமாகும் என்று பாபா ஜினீவாவில் எதிர்பார்த்தார். எழுபதாண்டுகள் சென்றும் அது கைகூடவில்லை. நம் மின்சாரத்தில் அணுசக்தியின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவிலேயே நிற்கிறது. கனவின் அளவை நோக்க, விளைச்சல் சிறிதே. இவற்றை எடுத்துரைப்பதால் பாபாவின் பெருமை குன்றாது. தெய்வமாக்கிக் கும்பிடுவதினும், மனிதராகக் கண்டு கற்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

மலையில் நேர்ந்தது

1966 ஜனவரியில் அவர் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் விஞ்ஞான ஆலோசனைக் கூட்டத்திற்காகப் புறப்பட்டார். விமானம் டில்லி, பெய்ரூத் வழியாக ஜினீவாவை நெருங்கிற்று. அவர் பதினோராண்டுகளுக்கு முன் அக்கிராசனம் வகித்த அதே நகரம் சில நிமிஷத் தொலைவில் இருந்தது. குளிர்காலம், மலைமுடியைப் பனிமேகம் சூழ்ந்திருந்தது. உச்சிக்குச் சில நூறு அடி கீழே, டூர்நெட் பாறையருகே விமானம் மோதிற்று.

பிரெஞ்சு விசாரணைக் கமிஷன் காரணத்தை ஆராய்ந்தது. விமானம் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோக் கருவிகளுள் ஒன்று பழுதாயிருந்தது. பெய்ரூத்தை விட்டுப் புறப்படும்போதே விமானி அதை அறிவார். மலைக்கும் தமக்கும் இடையேயுள்ள தூரத்தை அவர் தவறாகக் கணித்தார். ஜினீவாவில் ராடார் கருவியைப் பார்த்திருந்த அதிகாரி அத்தவறைக் கண்டார். திருத்தும் நோக்கத்துடன் செய்தியும் அனுப்பினார். ஆனால், அச்செய்தியின் வாசகம் போதிய தெளிவுடன் அமையவில்லை. மலையைத் தாண்டிவிட்டோமென்று கருதி விமானி கீழே இறங்கலானார். ஒரு வாசகத்தின் தெளிவின்மை 117 உயிர்களைக் கொண்டது. மோசமான வானிலையினால் மீட்புப் படையினரும் அதிகம் செய்ய இயலாது திரும்பினர்.

அம்மலை நமக்குப் புதிதன்று. 1950 நவம்பர் 3-ந் தேதி, ஏர் இந்தியாவின் மலபார் பிரின்ஸெஸ் என்னும் விமானம் புயலில் சிக்கி அதே சிகரத்தில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டில் கப்பலேறி வேலை செய்யச் சென்ற ஏழை மாலுமிகள். ஒரே மலையில் மாலுமியும் மேதையும் துயில்கின்றனர். மலைக்குப் பெரியோர் சிறியோர் என்னும் பேதமில்லை. துக்கம் விசாரிக்கும் தேசத்திற்கும் அது இருத்தலாகாது.

பாபாவின் மரணம் அன்னிய உளவாளிகளின் சதியென்று ஒரு வதந்தி நெடுங்காலமாக உலவுகிறது. சீனா 1964-ல் அணுகுண்டு வெடித்தபின் இந்தியாவின் அணுத் திறமையைக் குறித்து வல்லரசுகள் கவலை கொண்டிருந்தது உண்மை. ஆனால் கவலை வேறு, கொலை வேறு. சதிக்கு ருசு இதுவரை எவரும் காட்டவில்லை. ருசுவின்றி ஒன்றை நம்புவது விஞ்ஞானிக்குச் செய்யும் அஞ்சலியாகாது. வாழ்நாள் முழுவதும் கணக்கையும் பரிசோதனையையுமே நம்பிய ஒருவரின் பெயரால் வதந்தி வளர்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. அன்னியர் மீது சந்தேகம் கொள்வது எளிது. நம் கருவி பழுதின்றி இருக்கிறதா, நம் சொல் தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பதே கடினம். தேச முன்னேற்றத்திற்கு வேண்டுவது அந்தக் கடினமான வேலைதான்.

மறுநாள் காலை

இனி, தொடக்கத்தில் குறித்த கேள்விக்கு வருவோம். தலைவர் இறந்த மறுநாள் டிராம்பேயில் என்ன நிகழ்ந்தது? உலைகள் இயங்கின, ஆராய்ச்சி நடந்தது. 1957-லேயே பாபா அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆண்டுதோறும் தேசமெங்குமிருந்து பட்டதாரிகளைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சியளித்து ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவது அதன் வேலை. ஆகவே, இடம் காலியானபோது ஆள் தேடி எவரும் அலையவில்லை. ஸாராபாய் கமிஷனின் தலைவரானார், ஸேத்னா டிராம்பே நிலையத்தை ஏற்றார், எம். ஜி. கே. மேனன் டாட்டா நிலையத்தை ஏற்றார். 1967 ஜனவரியில் டிராம்பே நிலையத்திற்குப் பாபாவின் பெயரே சூட்டப்பட்டது. 1969-ல் தாராப்பூர் மின்நிலையம் இயங்கிற்று. 1971-ல் நம் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. 1985-ல் அங்கே வேக ஈனுலை இயங்கலாயிற்று. 1996-ல் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்ட சிற்றுலையும் இயங்கிற்று. மூன்றுபடித் திட்டத்தின் இரண்டாம் படியும் மூன்றாம் படியின் முதல் அடியும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வைக்கப்பட்டன.

பாபா மணம் செய்துகொள்ளவில்லை, மக்கட்பேறு இல்லை. ஓய்வில் சித்திரம் வரைவார், சங்கீதம் கேட்பார். கட்டடத்திற்கு இடையூறாக நின்ற பெருமரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்வார். வளர்ந்த மரத்தை வீழ்த்த ஒரு நாள் போதும். வளர்க்க ஒரு தலைமுறை வேண்டும். மனிதர் விஷயத்திலும் அவர் கொண்ட கொள்கை இதுவே.

மான்ட் பிளாங்கின் பனியாறு இன்றும் மெல்ல நகர்ந்து, விழுங்கியவற்றைச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளி வருகிறது. 2012-ல் நம் சர்க்காரின் தபால் பையொன்று கிடைத்தது. 2020-ல் இந்திரா காந்தி தேர்தலில் வென்றதை அறிவிக்கும் அக்காலத்துப் பத்திரிகைகள் கிடைத்தன. மலையிடம் சிக்கியவை அவ்வளவே. பாபாவின் உண்மையான சொத்து அந்த விமானத்தில் ஏறவேயில்லை. அது டிராம்பேயிலும், கொலாபாவிலும், உதகையிலும், இளைஞர் உள்ளத்தில் இருந்தது.

தேச ஊழியத்தில் ஈடுபட்டோர் சிந்திக்க வேண்டியது இதுதான். நம் இயக்கங்களிலும் ஸ்தாபனங்களிலும் ஒருவர் மறைந்தால் அனைத்தும் சரிகின்றன. தலைவரைப் போற்றத் தெரிந்த அளவுக்குத் தலைவர்களை உண்டாக்க நமக்குத் தெரியவில்லை. தமக்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பாபா உயிருடன் இருக்கும்போதே விடை அமைத்துவைத்தார். கிராமத்துப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் முதல் சர்வகலாசாலை ஆராய்ச்சிசாலை வரை, பொருளும் மதிப்பும் குறையாமல் கொடுத்து ஆட்களை வளர்க்கும் நாடு, எத்தனை பெரிய இடியையும் தாங்கும். அவ்வாறு வளர்க்காத நாட்டுக்கு ஒரு விமான விபத்தே போதும்.